காத்து ஏறிருச்சா தம்பி?

புதிதாகக் கொண்டக்டர் வேலைக்கு வருகிற பையன்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டார்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை கொடுத்தவன். பள்ளிக்கூடமும் என்னைத் தேடி வரவில்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். பிழை இருந்தால் அவளுடையது. பொய் இருந்தால் என்னுடையது. ஆனால் இதில் பொய் சொல்ல எனக்கு வாய் வராது, பல்லும் இல்லை. பல் போன கதையும் இதற்குள்ளேதான் வருகிறது.

முதல் நாள்: கட்டை

பசறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். அங்கிருந்து பதுளைக்குப் போகிற தனியார் பஸ்ஸில்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் காலையில் தலைக்கு எண்ணெய் வைத்து, சட்டைப் பையில் சீப்பு வைத்து, சினிமாவில் நடிக்கப் போகிறவன் மாதிரி போய் நின்றேன். டிரைவர் பெரியசாமி அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பேரு என்னாடா?"

"மணியங்க."

"வேலை என்னான்னு தெரியுமா?"

"டிக்கெட் குடுக்கணும், காசு வாங்கணும், வண்டி கெளம்ப ஹரி ஹரின்னு கத்தணுங்க."

"அது கிளியக் கூட்டியாந்தாலும் செய்யும்." ஏறுகிற படிக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு மரக்கட்டையைக் காலால் தள்ளினார். ஆப்பு மாதிரி ஒரு பக்கம் சரிந்த கட்டை, கயிறு கட்டியிருந்தது. "இதுதான் ஒன் வேலை. மேட்டுல வண்டி நின்னா ஓடிப்போயி சக்கரத்துக்கு அடியில வைக்கணும். நான் சொல்ற வரைக்கும் காத்திருக்கப்படாது. வண்டி நின்னிச்சா, கட்டை போச்சா. அம்புட்டுதான்."

"பிரேக் இருக்குதானேண்ணே?"

"இருக்கு. அதனாலதான் கட்டை போடுறது. இல்லேன்னா கட்டை எதுக்கு, பாடைதான் வேணும்."

பிரேக் வேலை செய்வது காற்றால். எஞ்சினைப் போட்டதும் டேங்கில் காற்று ஏறும். காற்று ஏறும்வரை முன்னால் ஒரு பஸர் பீப் பீப் என்று கத்தும். டிரைவருக்கு முன்னால் இருக்கிற காற்று மீட்டரில் முள் மேலே போனதும் பஸர் நிற்கும். பிறகு அண்ணன் பிரேக்கை மிதித்து விடுவார். புஸ் என்று ஒரு சத்தம் வரும், பெருமூச்சு மாதிரி. அந்தச் சத்தம் வந்தால்தான் வண்டி அசையும். ஓடும்போது காற்று இறங்கினாலும் பஸர் கத்தும். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த மெக்கானிக் வேலை. உங்களுக்கும் இவ்வளவு தெரிந்தால் இந்தக் கதைக்குப் போதும்.

சந்தேக லெட்சுமி

எங்கள் பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின் சீட் லெட்சுமி அக்காவுடையது. எழுதி வைக்கவில்லை, ஆனால் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில், லயத்து வரிசை வீட்டுக்காரி. கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளைத் தன் கண்ணால் பார்க்காமல் கூடையை இறக்க மாட்டாள். கணக்கப்பிள்ளை அவளைக் கண்டாலே தராசைத் துடைத்து வைப்பார். கடையில் மாவு வாங்கினால் பையைப் பிரித்து மோந்து பார்ப்பாள். சர்க்கரை வியாதி வேறு. மாதா மாதம் பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு எங்கள் பஸ்ஸில்தான் வருவாள். மற்ற நாட்களில் டவுனில் துணிக்கடையில் வேலை செய்யும் தன் மகள் சுதாவை ஏற்றிவிட வருவாள். ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஒரே கேள்வி.

"காத்து ஏறிருச்சா தம்பி?"

பஸ்ஸே சிரிக்கும். நான் சும்மா இருப்பேனா?

"அஷ்டலெட்சுமி எட்டுப் பேரு கோயில்ல இருக்காங்க. ஒம்பதாவது ஆளு நம்ம பஸ்ஸுல இருக்காங்க, சந்தேக லெட்சுமி!"

"ஒனக்கு வாயிலதான்டா காத்து நெறைய இருக்கு. நான் ஒங்கிட்ட கேக்கல, டிரைவர்கிட்ட கேட்டேன்."

சிரிக்காத ஆள் பெரியசாமி அண்ணன் ஒருவர்தான். அவர் பிரேக்கை மிதித்து விடுவார். புஸ்.

"கேட்டுச்சா அக்கா?"

"கேட்டுச்சு. போங்க."

தினமும் இதே கூத்து. அண்ணனுக்கு ஏன் கோபம் வரவில்லை என்று ஒரு நாள் கேட்டேன். "பஸ்ஸு நெறைய ஆளு ஏத்துறேன். எல்லாரும் ஏறுன ஒடனே தூங்கிப்புடுறாங்க. ஒரு ஆளாவது முழிச்சிருக்கட்டுமே" என்றார்.

நம்பியதால் பிழைத்தது

ஒரு மழைக்காலம். தொடர்ந்து அடித்த மழையில் தேயிலையெல்லாம் குளித்த கோழி மாதிரி நின்றது. வளைவு ஒன்றில் அண்ணன் வண்டியை நிறுத்தினார். நான் வழக்கம்போல கட்டையைப் போட்டேன். அவர் இறங்கி, ரோட்டில் குனிந்து பார்த்தார். பிறகு வந்து சத்தம் போடாமல் சொன்னார்.

"எல்லாரும் எறங்குங்க. சாமான் இருக்கட்டும். மலைப்பக்கமா ஒருத்தர் பின்னால ஒருத்தர் நடந்து அந்தப் பக்கம் போங்க."

கொட்டுகிற மழையில், கைப்பிள்ளையோடு, பையை விட்டுவிட்டு இறங்கு என்றால் யார் இறங்குவார்கள்? எல்லோரும் இறங்கினார்கள். ஒருவர் வாயைத் திறக்கவில்லை. பெரியசாமி சொன்னால் முடிந்தது. லெட்சுமி அக்கா மட்டும் படியில் நின்று கேட்டாள்.

"எதுக்குப்பா?"

"ரோட்டுல வெடிப்பு அக்கா. அடியில தண்ணி ஓடுற சத்தம் கேக்குது."

அவளும் குனிந்து காதைக் கொடுத்தாள். "ஆமாப்பா" என்றாள். முதல் ஆளாக நடந்தவளும் அவள்தான்.

கடைசி ஆளும் போன பிறகு அண்ணன் பஸ்ஸைப் பின்னுக்கு எடுத்து மேலே விட்டுவிட்டு நடந்து வந்தார். சாயங்காலம் போய்ப் பார்த்தோம். அந்த இடத்தில் ரோடே இல்லை. கீழே சேறும், வேரோடு சாய்ந்த சவுக்கு மரங்களும்தான் கிடந்தன.

அன்றைக்கு ஒவ்வொருவரும் ஏன், எதற்கு என்று சண்டை பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் இதைச் சொல்ல நான் இருக்க மாட்டேன். நம்பிக்கை எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

ஆனால் அதற்குப் பிறகு என்ன ஆனது தெரியுமா? எங்கள் ஆட்கள் பெரியசாமி அண்ணனை நம்பியதோடு நிற்கவில்லை. பஸ்ஸையே நம்ப ஆரம்பித்தார்கள். கோயில் திருவிழாவில் சாமிக்குக் கட்டின மாலையில் ஒன்று பஸ் முகப்புக்கு வந்தது. முன்னால் ஒரு பஸ் காலியாகப் போனாலும் விட்டுவிட்டு எங்கள் பஸ்ஸுக்காக நிற்பார்கள். "இந்த வண்டிக்கு ஒண்ணும் ஆகாதுப்பா" என்பார்கள். தகரத்துக்கும் ரப்பருக்கும் அது தெரியுமா?

பஸரின் வாயை அடைத்தது

பெரியசாமி அண்ணனுக்குக் கண் மங்க ஆரம்பித்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவரே பஸ் முதலாளியிடம் போய்ச் சாவியைக் கொடுத்தார். "எதுக்க வர்ற வண்டி ரெண்டாத் தெரியுது. எந்த வண்டிக்கு ஒதுங்குறதுன்னு தெரியல" என்றார். முதலாளி இன்னும் கொஞ்ச நாள் ஓட்டச் சொல்லிக் கெஞ்சினார். இவர் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார்.

அடுத்து வந்தவன் ராஜன். நல்ல பையன். ஓட்டத் தெரிந்தவன், குடிக்காதவன். அவன் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பெரியசாமி அண்ணனுக்கு ஜனங்கள் பல வருடம் பார்த்துப் பார்த்துக் கொடுத்த நம்பிக்கை, அவனுக்கு முதல் நாளே சீட்டோடு சேர்ந்து கிடைத்தது.

அந்த வருடப் பனியில் பஸருக்குக் கிறுக்குப் பிடித்தது. காற்று நிறைந்திருக்கும், முள் மேலே நிற்கும், அது பாட்டுக்குக் கத்தும். பெரியசாமி அண்ணன் காலத்திலும் சில நாள் இப்படிக் கத்தியதுண்டு. அவர் ஒவ்வொரு தடவையும் ஓரங்கட்டி, என்னைக் கட்டை போடச் சொல்லி, வண்டிக்கு அடியில் படுத்துக் காது கொடுத்துக் கேட்பார். "சும்மாதான் கத்துதுண்ணே" என்பேன். "சும்மான்னு பாத்தாத்தானே தெரியும்" என்பார்.

ராஜனும் முதலில் நிறுத்திப் பார்த்தான். பயணிகள் விடவில்லை.

"தம்பி, கடை தொறக்கணும், நீ வழிக்கு வழி நிப்பாட்டுறே!"

"பச்சப்புள்ள அலறுதுப்பா, அந்தப் பீப்பிய நிப்பாட்டித் தொலைங்க!"

"பெரியசாமி ஓட்டுன வண்டிக்கு என்னாகப் போவுது? போ, போ!"

லெட்சுமி அக்கா மட்டும் திரும்பிச் சொன்னாள். "எதுக்குக் கத்துதுன்னு பாத்துட்டு நிப்பாட்டுங்களேன். கத்துற வாயப் பொத்திட்டா வலி போயிருமா?"

"அக்கா, ஒங்களையே பொத்த முடியல, அத எங்க பொத்துறது?" என்றேன் நான். கைதட்டல் கிடைத்தது. நான் கைதட்டலுக்குப் பிறந்தவன்.

ராஜன் முதலாளிக்குப் போன் அடித்தான். "வயரப் புடுங்கி விடு, வண்டி நிக்கிற நாள்ல பாத்துக்குவோம்" என்றார் அவர். கராஜில் மெக்கானிக்கை பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். பாஸ் வயரைப் பிடுங்கினார். "முள்ளப் பாத்து ஓட்டு, போதும்" என்றார். பஸ் அமைதியானது. குழந்தைகள் தூங்கின. எல்லோருக்கும் சந்தோஷம்.

ராஜன் முள்ளைப் பார்ப்பான் என்று பாஸ் இருந்தார். பாஸ் எல்லாம் பார்த்திருப்பார் என்று ராஜன் இருந்தான். முதலாளி இரண்டு பேரையும் நம்பினார். பயணிகள் மாலையை நம்பினார்கள். முள்ளோ எப்போதும் மேலேயே நின்றது. அது அங்கேயே சிக்கி நின்றது என்று பிறகுதான் தெரிந்தது.

அந்தக் காலை

கிளினிக் நாள். லெட்சுமி அக்கா கையில் கிளினிக் அட்டையோடு ஏறினாள். சுதா அன்றைக்கு லீவு, லயத்திலேயே இருந்தாள்.

"காத்து ஏறிருச்சா தம்பி?"

ராஜன் மிதித்து விட்டான். அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"சத்தம் மெலிஞ்சி கெடக்கே."

"அக்கா, முள்ளு நட்டுக்கிட்டு நிக்குது. எந்திரிச்சி வந்து பாருங்க."

எழுந்து வந்து பார்த்தாள். "முள்ளு நிக்குது சரி. சத்தம் எங்க?"

"ஒங்க காதுதான் மெலிஞ்சி போச்சி. கிளினிக்குல அதையும் காட்டுங்க" என்றான் ராஜன். பஸ் முழுக்கச் சிரிப்பு.

அவள் படிக்கட்டைப் பார்த்தாள். இறங்கியிருப்பாள். ஆனால் அடுத்த பஸ்ஸுக்கு நின்றால் கிளினிக்கில் நம்பர் போய்விடும், மருந்தும் தீர்ந்துவிட்டது. கையில் இருந்த அட்டையைப் பார்த்தாள். போய்த் தன் சீட்டில் உட்கார்ந்தாள்.

கோயில் வளைவு தாண்டி இறக்கம். அங்கே ராஜன் பிரேக்கை மிதித்தான். திரும்ப மிதித்தான். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒரு வார்த்தைதான் சொன்னான்.

"அண்ணே..."

அந்த முகத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். கீழே, அடியில் எங்கேயோ பாம்பு சீறுகிற மாதிரி ஒரு சத்தம். தேய்ந்த ரப்பர் குழாய் ஒன்று காற்றை விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பஸர் இருந்திருந்தால் அரை மைலுக்கு முன்னாலேயே கத்தியிருக்கும்.

நான் உள்ளே திரும்பிக் கத்தினேன். "பிரேக் இல்ல! கம்பியப் புடிங்க! மலைப்பக்கம் சாயுங்க!"

சிரித்தார்கள்.

பொய் சொல்லவில்லை, சிரித்தார்கள். "வாயாடி காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டான்யா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஒரு ஆள் கைகூடத் தட்டினான். பல வருடமாக அவர்களைச் சிரிக்க வைத்தே சம்பாதித்த பெயர் எனக்கு. தொண்டை கிழியக் கத்தினேன். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். நன்றாக நடிக்கிறேனாம்.

லெட்சுமி அக்கா சிரிக்கவில்லை. என்னை நம்பியும் விடவில்லை. அந்த நேரத்திலும் அவள் எட்டி ராஜனின் காலைத்தான் பார்த்தாள். பிரேக் அடிவரை போய் வந்தது. சத்தம் இல்லை. எழுந்து, எங்களைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"நெசந்தான்! காத்து இல்ல! புள்ளைகள மடியில அமுக்குங்க! எல்லாரும் இந்தப் பக்கம் சாயுங்க!"

சிரிப்பு அறுந்தது. பஸ் மொத்தமும் ஒரு உடம்பு மாதிரி மலைப்பக்கம் சாய்ந்தது. தராசு முள்ளைக்கூடப் பார்க்காமல் ஒத்துக்கொள்ளாத பொம்பளை நெசம் என்று சொன்னால், அது நெசம்தான். அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ராஜன் பள்ளத்துக்கு விடவில்லை. மலையில் உரசி உரசி இழுத்துக்கொண்டு போய், ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறக்கி, பாறையில் கொண்டுபோய் மோதினான். முன்பக்கம் நொறுங்கியது. கயிறு கட்டிய கட்டை சக்கரத்துக்குப் போகாமல் பறந்து வந்து என் வாயில் விழுந்தது. முன்பல் போனது அப்படித்தான். வாயாடிக்குக் கட்டை சரியான இடத்தைத்தான் பார்த்திருக்கிறது.

உட்கார்ந்து கம்பியைப் பிடித்திருந்தவர்கள் கை கால் முறிந்தாலும் பிழைத்தார்கள். ராஜனின் ஒரு கால் போனது. பின்னால் திரும்பி நின்று எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த லெட்சுமி அக்கா பிடித்துக்கொள்ள எதையும் தேடவில்லை. நான் வாயில் ரத்தத்தோடு தவழ்ந்து போய்ப் பார்த்தபோது முடிந்திருந்தது. கையில் அந்தக் கிளினிக் அட்டை மடங்காமல் இருந்தது.

நம்பாததால் செத்தது

அதோடு முடியவில்லை. போனில் கதை கிளம்பியது. முதலாளி இன்சூரன்ஸுக்காக வேண்டுமென்றே மோத விட்டாராம். கொண்டக்டர் முதலிலேயே குதித்துவிட்டானாம். குதித்தவனுக்குப் பல் எப்படிப் போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. முதலாளி வேறு பஸ் போட்டார். அது பழைய பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடித்தது என்று கதை வந்தது. யாரும் ஏறவில்லை. அந்த பஸ் என்றில்லை, எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. த்ரீவீல் ஆட்டோவில் கோழிக் குஞ்சு மாதிரி அடைந்து போனார்கள், கொழுந்து லொறியில் தொங்கினார்கள். அவற்றின் பிரேக்கை யாரும் பார்க்கவில்லை.

கீழ்கணக்கில் ஒரு பிள்ளைத்தாச்சி. வலி வந்து ரோட்டோரம் நின்றாள். நாங்கள் காலி பஸ்ஸை நிறுத்தினோம்.

"ஏறுங்கம்மா, நேரே ஆஸ்பத்திரிக்கு விடுறோம்."

அவள் புருஷன் கையை நீட்டி மறித்தான். "ஒங்க பஸ்ஸுல நாங்க சாவத் தயாரா இல்ல. த்ரீவீலு வருது, நீங்க போங்க."

த்ரீவீல் வர நேரமாகிவிட்டது. ரோட்டோரமே பிரசவம். பிள்ளை தங்கவில்லை. அந்த ஆளை இப்போது வழியில் பார்த்தால் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன், அவனும் குனிந்துகொள்கிறான்.

நம்பிப் போனவர்களையும் பார்த்துவிட்டேன். நம்பாமல் போனதையும் பார்த்துவிட்டேன். இரண்டுக்கும் அழுகை ஒரே மாதிரிதான் இருக்கிறது.

பெரியசாமி அண்ணன் வந்தார்

முதலாளி பெரியசாமி அண்ணனிடம் போய் அழுதார். அண்ணன் ஒரு காலையில் கம்பு ஊன்றிக்கொண்டு ஸ்டேண்டுக்கு வந்தார். தட்டித் தடவி ஏறி, லெட்சுமி அக்கா சீட்டில் உட்கார்ந்தார். அவ்வளவுதான், "பெரியசாமியே ஏறிட்டாரு" என்று கூட்டம் படிக்கு ஓடி வந்தது. எனக்கோ சந்தோஷம், "ஹரி ஹரி" என்று ஆரம்பித்துவிட்டேன். அண்ணன் கம்பால் படியை மறித்தார்.

"என்னப் பாத்து ஏறாதீங்கடா! எனக்குக் கண்ணே தெரியல. நான் எதப் பாத்துட்டு ஏறுனேன்னு நீங்க ஏறுறீங்க?"

கூட்டம் நின்றது.

"டிரைவர் தம்பி, மிதி."

புஸ்.

"இதக் கேட்டுட்டு ஏறுங்க. கேக்காதவன் ஏறாத. மணியம், பஸர் கத்துதான்னு எல்லாருக்கும் போட்டுக் காட்டு."

அன்றிலிருந்து எங்கள் பஸ்ஸில் அது வழக்கமானது. புறப்படும் முன் பஸ் மொத்தமும் சேர்ந்து கேட்கும்: "காத்து ஏறிருச்சா தம்பி?" டிரைவர் மிதிப்பார். சத்தம் வரும். "போலாம்!" என்பார்கள். கேட்கிற நாட்களில் எனக்கு அழுகை வரும். பல்லில்லாமல் அழுதால் சிரிக்கிற மாதிரி இருக்குமாம். அதற்கும் சிரிப்பார்கள்.

போன வாரம்

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால் போன வாரம் நடந்ததால். காலையில் வழக்கம்போல எல்லோரும் பாட்டு மாதிரி இழுத்தார்கள், "காத்து ஏறிருச்சா தம்பீ?" டிரைவர் அப்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிரேக்கில் காலே வைக்கவில்லை. சத்தமும் இல்லை.

"போலாம்!" என்றது பஸ்.

கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு பதிலை விட்டுவிட்டார்கள். மாலைக்குப் பதில் இப்போது ஒரு கேள்வியைத் தொங்க விட்டிருக்கிறார்கள். கட்டையை எடுக்க இறங்கியவன் எடுக்காமல் நின்றேன்.

"யாருக்காச்சும் சத்தம் கேட்டுச்சா?" என்றேன்.

சிரித்தார்கள். "வாயாடி ஆரம்பிச்சிட்டாரு" என்று அதே வார்த்தை. புது வாய்.

நான் அசையவில்லை. கட்டை சக்கரத்துக்கு அடியிலேயே கிடந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். கடைக்கு நேரமாச்சு என்று ஒருவர் வைதார். இன்னொருவர் என் பல்லைப் பற்றிப் பேசினார். பேசட்டும்.

டிரைவர் சீட்டுக்குப் பின் சீட்டில் சுதா உட்கார்ந்திருந்தாள். துணிக்கடைக்குப் போகிற அவசரம் அவளுக்கும்தான். போனை மடியில் வைத்தாள். தலையைக் கொஞ்சம் சாய்த்தாள், அவள் அம்மா மாதிரியே.

"எனக்குக் கேக்கல" என்றாள்.

டிரைவர் துணியை வைத்துவிட்டுக் காலை வைத்தார். புஸ். இந்தத் தடவை எல்லோரும் கேட்டார்கள். நான் கட்டையை எடுத்தேன்.

புதிதாக வருகிற தம்பிகளே, நான் படித்தவன் இல்லை, புத்தி சொல்ல எனக்கு வராது. உங்கள் பஸ்ஸில் அப்படி ஒரு ஆள் இருப்பார். நேரத்தைக் கெடுப்பார், எரிச்சல் வரும், மற்றவர்கள் சிரிப்பார்கள். அவருக்கு முன் சீட்டைக் கொடுங்கள். அவர் கேட்டால் பதில் வரும்வரை கட்டையை எடுக்காதீர்கள்.

அப்படியே அவர் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் அக்காவுக்கு அது இல்லாமல் போய்விட்டது.